கால்சிரால் 60,000 (வைட்டமின் டி) சாஷே - எலும்புக்கு சரி, ப்ராஸ்டேட்டுக்கு?

எனக்கு 66 வயசு. போன வருஷம் பயாப்சில ப்ராஸ்டேட் கேன்சர்னு வந்துச்சு, க்ளீசன் 3+3, அதாவது தீவிரம் கம்மியான வகை, ஆபரேஷனும் வேணாம் கரண்ட்டும் வைக்க வேணாம் ஆக்டிவ் சர்வைலன்ஸ்ல இருங்கன்னு யூராலஜிஸ்ட் சொல்லிட்டார், அதாவது ஆறு மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட்), அப்பப்ப எம்ஆர்ஐ, தேவைப்பட்டா மறுபடி பயாப்சி. உள்ள ஒன்ன வெச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கறது இருக்கே, அப்பப்பா. மச்சினன் முள்சீத்தா இலை கொண்டு வந்து குடுத்தான், சம்பந்தி வைட்டமின் டி சாப்டா கட்டி சுருங்கிடும்னு வாட்ஸப்ல அனுப்பினார்.

டெஸ்ட் பண்ணா டி நிஜமாவே 11தான், 20க்கு கீழ போனாலே குறைபாடு. டாக்டர் வாரம் ஒரு சாஷே, எட்டு வாரம், அப்புறம் மாசம் ஒன்னுன்னு எழுதினார். ஒரு கிராம் தூள்தான், அதுக்குள்ள 60,000 யூனிட். ஆறின பால்ல போட்டா திரண்டு டம்ளர் அடியில ஒட்டிக்குது, வெதுவெதுப்பா இருக்கணும், ஸ்பூனால கலக்கிக்கிட்டே குடிக்கணும். கொழுப்புல கரையற சத்துங்கறதால சாப்பாட்டுக்கு அப்புறம் கொழுப்பெடுக்காத பால்ல குடிக்கறேன்.

இப்ப வயித்தெரிச்சலான ஒரு விஷயம். பக்கத்து மெடிக்கல் ஷாப் பையன் கவர் மேல "தினம் 1"னு எழுதி குடுத்துட்டான்! வீட்டம்மாதான் சீட்டோட ஒத்துப் பாத்து "என்னங்க, வாரம்னுல்ல போட்டிருக்கு"ன்னாங்க. தினம் முழுங்கியிருந்தா ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கடைசில கிட்னிக்கே வினை. தயவு செஞ்சு கவர நம்பாதீங்க.

ரிசல்ட்டுக்கு வரேன். டி 38 ஆச்சு, முழங்கால் வலியும் கொறஞ்ச மாதிரி இருக்கு. பிஎஸ்ஏ முன்னாடி 5.8, இப்ப 6.1, அசையவே இல்லன்னு வெச்சுக்கோங்க. டாக்டர்ட்ட கேட்டேன். சவுத் கரோலினால 2012ல வந்த ஆராய்ச்சி ஒன்னு இருக்காம், நம்மள மாதிரி கண்காணிப்புல இருந்த 44 பேருக்கு ஒரு வருஷம் தினம் 4000 யூனிட் குடுத்ததுல 24 பேருக்கு பயாப்சி ரிப்போர்ட் முன்னவிட நல்லா வந்திருக்கு, ஆனா 15 பேருக்கு மோசமா போயிருக்கு. டம்மி மாத்திரை குடுத்து ஒப்பிட்டுப் பாக்கல, அதுவுமில்லாம பயாப்சி ஊசி போன தடவ குத்தின இடத்துலயே குத்தும்னு என்ன கேரண்டின்னார். 2018ல வந்த வைட்டல் ஆய்வுல 25,000 பேருக்கு மேல, பாதிப்பேருக்கு தினம் 2000 யூனிட் அஞ்சு வருஷத்துக்கு, புதுசா ப்ராஸ்டேட் கேன்சர் வர்றது கொறையல. அது கேன்சர் இல்லாதவங்கள வெச்சு செஞ்சது, நமக்கு அப்படியே பொருந்தாது, இருந்தாலும் சம்பந்திக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

குறைபாடு இருந்தா அதுக்கு நாலு ஸ்டார். கேன்சருக்குன்னு வாங்கறவங்களுக்கு ஸ்டாரே குடுக்க மாட்டேன், இத குடிச்சிட்டு பிஎஸ்ஏ டெஸ்ட்ட தள்ளிப்போட்டா அத விட முட்டாள்தனம் வேற இல்ல. எனக்கு அடுத்த சாஷே ஒன்னாம் தேதி, பிஎஸ்ஏ பன்னெண்டாம் தேதி, ரெண்டையும் காலண்டர்ல பால் கணக்குக்கு பக்கத்துல குறிச்சு வெச்சிருக்கேன்.