கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் காப்பகம்: சாப்பாட்டுக்கு முன் ஃபைலைக் கேளுங்கள்

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா தன் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்தும் குழந்தைகள் காப்பகம் இது. விளம்பரம் வேண்டாம் என்றதால் பெயர் போடவில்லை. மாதம் 4,500 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. ஆடி மாதத்திலிருந்து என் மகளை அங்கேதான் விடுகிறேன்.

நான் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 50 பேர் வேலை பார்க்கும் இடமாக இருந்தால், சட்டப்படி முதலாளியே காப்பக வசதி தர வேண்டும். எங்கள் கடையில் அதில் பாதிகூட இல்லை.

போனதும் சான்றுகள் இருக்கும் ஃபைலைக் கேட்டேன். 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அக்கா முகம் சுளிக்கவில்லை. கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று எல்லாம் இருந்தன. 2015-இல் வந்த விளையாட்டுப் பள்ளி (ப்ளே ஸ்கூல்) விதிமுறைப்படி கல்வித்துறை அனுமதியும் வைத்திருக்கிறார். தேதியைப் பாருங்கள். சான்றை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டுப் புதுப்பிக்காமல் விட்ட இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

சமையலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. சிறு அளவில் சமைப்பவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். இன்னொரு இடத்தில் கேட்டபோது, "வீட்டுச் சாப்பாடுதானே மேடம், அதுக்கெல்லாமா?" என்றார்கள். கிளம்பி வந்துவிட்டேன்.

இங்கே சிலிண்டர் கொல்லையில் இருக்கிறது. அடுப்புக்குக் குழாய் மட்டும்தான் உள்ளே வருகிறது. கிணற்றின் மேல் இரும்பு வலை. கொல்லைக் கதவுக்குப் பகலில் பூட்டே கிடையாது, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் மட்டும். தீ என்றால் சாவி தேடாமல் பெரியவர்கள் திறந்துவிடலாம். எனக்குப் பிடித்ததே அந்தத் தாழ்ப்பாள்தான்.

பருப்பு சாதம், கீரை மசியல், புதன்கிழமை முட்டை. வீட்டில் கீரையைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறவள் அங்கே சாப்பிடுகிறாளாம். எப்படி என்று கேட்டால் அக்கா சிரிக்கிறார், சொல்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றியதில் பில் ஏறிவிட்டது என்று திடீரென 300 ரூபாய் கூட்டினார். நியாயம்தான், ஆனால் ஒரு மாதம் முன்பே சொல்லியிருக்கலாம். அப்புறம், மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ள மாட்டார். ஐப்பசி மழையில் பஸ் தாமதமானாலும் அதே கதைதான். அவசரத்துக்குப் போய் அழைத்துவர உள்ளூரில் ஆள் இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.