மாயாவியா, டெக்ஸா? ஒரு மும்பைவாசியின் ஒப்பீடு

பிழைப்புக்காக மும்பைக்கு வந்து தாராவியில் அறையெடுத்துத் தங்கிய முதல் ஆண்டில், ஊரிலிருந்து பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய காமிக்ஸ் இதழ்களே எனக்குத் துணையாக இருந்தன. அவற்றுள் நான் திரும்பத் திரும்பப் படித்த நாயகர்கள் இருவர்.

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழ் பேசத் தொடங்கிய இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதர், லோக்கல் ரயில் நெரிசலில் யார் கண்ணிலும் படாமல் நின்ற எனக்கு, மறைந்திருப்பதும் ஒரு வலிமைதான் என்ற எண்ணத்தைத் தந்தார். (மழைக்காலத்தில் ஈரச் சுவிட்சைத் தொட்டு அதிர்ச்சி வாங்கியபோது நான் மறையவில்லை என்பது வேறு விஷயம்.) ஆனால் அவர் தனியாள், சாகசம் முடிந்ததும் அறையின் தனிமை அப்படியே திரும்பிவிடும்.

1948-இல் இத்தாலியில் உருவாகி, லயன் காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்த கௌபாய் நாயகர் டெக்ஸ் வில்லர் அப்படியல்லர். மகன் கிட், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியின் வீரன் டைகர், வயதைச் சொல்லிப் புலம்பியபடியே வறுத்த கறியைத் தேடும் நண்பர் கார்சன் ஆகியோர் தீமூட்டி அமர்ந்து ஒருவரையொருவர் கேலி செய்யும் பக்கங்களை, துப்பாக்கிச் சண்டைகளைவிட நிதானமாக நான் படித்திருக்கிறேன். கதைப் புதுமையில் மாயாவியே மேல். தந்தை மருத்துவமனையில் இருந்த வாரத்தில், ஊருக்குச் செல்லும் ரயிலில் நான் எடுத்துச் சென்றதோ டெக்ஸை.