கல்லடியில் மேஜர் ஸ்கேல் கற்பிக்கும் ஒரு வகுப்பு

மட்டக்களப்பு கல்லடியில், ஒரு வீட்டின் முன்மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் மேலைத்தேய சங்கீதக் கோட்பாட்டு வகுப்புக்கு மூன்று மாதங்கள் சென்று வந்தேன். கர்நாடக சங்கீதம் பயின்ற எனக்கு, மேலைத்தேய இசையின் அடிப்படைச் சுர வரிசையான மேஜர் ஸ்கேல் புதியதன்று. 29ஆவது மேளமாகிய (தாய் ராகமாகிய) சங்கராபரணத்தின் சுரங்களே அதிலும் உள்ளன. விளங்காதிருந்தது, ஸ்கேலில் எந்தச் சுரங்கள் உயரும் அல்லது தாழும் என்பதைக் காட்டும் கீ சிக்னேச்சர்தான். சுருதியை மாற்றினாலும் சுரங்களின் பெயர் மாறாத மரபில் வளர்ந்தவர்களுக்கு, சுரங்களை எழுதும் ஐந்து கோடுகளின் தொடக்கத்தில், உயர்த்தும் ஷார்ப், தாழ்த்தும் ஃப்ளாட் குறிகளை ஏன் இட வேண்டும் என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

ஆசிரியை 15 மேஜர் கீ சிக்னேச்சர்களையும் அட்டவணையாகத் தந்து மனனம் செய்யச் சொல்லவில்லை. முதலில் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் சி முதல் அடுத்த சி வரை வாசிக்க வைத்து, டோன், டோன், செமிடோன், டோன், டோன், டோன், செமிடோன் என்ற இடைவெளிகளைக் காதில் பதித்தார் (அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலானது செமிடோன்; அதன் இருமடங்கு டோன்). பின்னர் அதே வெள்ளைக் கட்டைகளில் ஜி முதல் வாசிக்கச் சொன்னார். கேட்டது சங்கராபரணம் அன்று, ஹரிகாம்போதி ராகம். ஏழாம் சுரமான எஃப், எட்டாம் சுரத்திலிருந்து ஒரு முழு டோன் தள்ளி நின்றது. எஃப்பை ஒரு செமிடோன் உயர்த்தியதும் சங்கராபரணம் திரும்பி வந்தது. ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப் ஏன் என்பது அன்று எனக்குக் காதாலேயே புரிந்தது. எஃப்பில் தொடங்கியபோது கல்யாணி ராகம் ஒலித்தது; பி ஃப்ளாட் ஆனதும் அதுவும் சீரானது. உயர்த்திய எஃப்பை ஜி ஃப்ளாட் என்று எழுதலாகாதா என ஒரு மாணவன் கேட்டான். ஒவ்வோர் எழுத்தும் ஸ்கேலில் ஒரு முறையே வர வேண்டும் என்பதால், எஃப்பின் இடம் வெறுமையாகி ஜி இருமுறை நெருக்கிக்கொண்டு நிற்பதை அவர் பலகையில் வரைந்து காட்டினார்.

ஃப்ளாட் ஸ்கேல்களை மட்டும் ஒரே மாலையில் முடித்தது குறைதான். கடைசிக்கு முந்திய ஃப்ளாட்டே ஸ்கேலின் பெயர் என்ற குறுக்குவழி தரப்பட்டது. ஒரே ஃப்ளாட் கொண்ட எஃப் மேஜருக்கு அது பயன்படாது என்பது சொல்லப்படவில்லை.

பயிற்சித் தாள்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது அதைவிடப் பெரிய குறை. காரைதீவில் பிறந்து, சுருதிக் கணக்குகளையெல்லாம் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் தமிழிலேயே எழுதிய விபுலாநந்த அடிகளின் மண்ணில், தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் கேள்வியின் பொருளைத் தேடியே களைத்துப்போவது மனத்தை வருத்துகிறது. ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அடுத்த தொகுதி மாணவர்களுக்கு ஷார்ப் ஸ்கேல் பகுதியையாவது தமிழில் தருவதாகக் கூறியிருக்கிறார்.