ஜெலிஃபின்: விடிய விடிய ஓடும் கூத்து வீடியோவுக்கு நல்ல சேவர், ஆனால் முதலில் ட்ரிக்பிளேயைச் சரிசெய்யுங்கள்

இரவு தொடங்கி விடியும்வரை ஆடுகிற கூத்தை வீடியோவாக வைத்திருக்கிறவர்களுக்குப் பெரிய தலையிடி, வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான். எட்டு மணி நேர ஃபைல். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு "தம்பி, அந்த வீமன்ட வரவ ஒருக்காப் போடு, மறுகா தருமர்ட கொலுவப் பாப்பம்" என்பார். சீக் பாரில் மௌஸை வைத்ததும் அந்த இடத்தின் சின்னப் படம் தெரிந்தால் வேலை லேசு. தெரியாவிட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து இழுத்து அவருடைய பொறுமையையும் எங்கள் பொறுமையையும் சோதிக்க வேண்டியதுதான்.

அதற்காகத்தான் மட்டக்களப்பு கல்லடியில் வீட்டில் கிடந்த பழைய டெஸ்க்டொப்பில் ஜெலிஃபின் என்ற மீடியா சேவரைப் போட்டேன். ஆறாம் தலைமுறை ஐ5, நாலு கோர், 8 ஜிபி ராம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில் வளவுகளில் வட்டக்களரி (வட்டமான ஆடுகளம்) போட்டு ஆடியவை, சதங்கை அணி, அரங்கேற்றம், சிலதுக்கு ஒத்திகை கூட, எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டு வைஃபையில் இருக்கிற எவரும் போனிலோ லப்டொப்பிலோ ப்ரௌசரைத் திறந்து பார்க்கலாம். இன்டர்நெட் நின்றாலும் வீட்டுக்குள் ஓடும்.

ஜெலிஃபினைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எம்பி என்ற மீடியா சேவர் தன் மூலநிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து தன்னார்வலர்கள் நடத்துகிற சொஃப்ட்வெயார் இது. முழுக்க இலவசம். வெளியில் எந்தக் கம்பனியிலும் கணக்குத் திறக்கத் தேவையில்லை. இதே வேலையைச் செய்கிற பிளெக்ஸில், கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தி டிரான்ஸ்கோட் செய்ய (பார்க்கிற கருவிக்கு ஏற்றபடி வீடியோவை அந்த நேரத்தில் மாற்ற) பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா வாங்க வேண்டும். இதில் அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எங்களைப் போலக் காசில்லாமல் பதிவுகளைக் காத்துக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, முன்னோட்டப் படத்துக்கு வருவோம். ஜெலிஃபினில் இதற்குப் பேர் ட்ரிக்பிளே. முன்பு ஜெலிஸ்க்ரப் என்ற ப்ளகினைத் தனியாகப் போட வேண்டியிருந்தது, 2024 மே மாதம் வந்த 10.9 பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. சேவர் ஒவ்வொரு வீடியோவையும் முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, 10 விநாடிக்கு ஒன்று என்று 320 பிக்சல் அகலத்தில் படம் பிடித்து, நூறு நூறாக ஒரே ஜேபெக் தாளில் ஒட்டி வைத்துவிடும். பார்க்கிற நேரத்தில் அந்தத் தாளிலிருந்து ஒரு கட்டத்தைக் காட்டுவது மட்டும்தான் வேலை, ப்ரொசெசருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 320 பிக்சல் என்றால் சின்னதுதான், ஆனாலும் வடமோடிக் கூத்தில் அரசன் போடுகிற கரப்புடுப்பு அந்த அளவிலேயே வட்டமாக விரிந்து தெரியும். கட்டியகாரன் நிற்கிறானா, அரசன் கொலுவிருக்கிறானா, மத்தளக்காரர் மட்டும் இருக்கிறாரா என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே ஜெலிஃபினை நான் எவருக்கும் சொல்லுவேன்.

ப்ரொசெசர் அடிபடுவது அந்த "ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற" இடத்தில். எட்டு மணி நேரம் என்றால் 28,800 விநாடி. 25 ஃப்ரேமில் எடுத்த வீடியோவில் 7,20,000 ஃப்ரேம். எங்களுக்கு வேண்டியது 2,880 படம். ஆனால் வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடைக்கிடை வருகிற கீஃப்ரேம் மட்டும்தான் முழுப் படம், மற்றதெல்லாம் முன்னாலும் பின்னாலும் உள்ள ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புத்தான். ஆகவே 2,880 படத்துக்காக 7,20,000 ஃப்ரேமையும் விரிக்க வேண்டி வருகிறது. அதைச் செய்கிறது ஜெலிஃபினோடு வருகிற எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ புரோகிராம். கிராஃபிக்ஸ் சிப் கைகொடுக்காவிட்டால் முழுச் சுமையும் ப்ரொசெசர் தலையில். ஒரே நேரத்தில் பெட்டி நிறைய வீடியோ சேர்த்தால் அந்தப் பழைய மெஷினின் காற்றாடிச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். எங்கள் ஊர் வெக்கையில், கடற்காற்று கொண்டுவந்த தூசும் காற்றாடியில் படிந்திருந்தால், சூடு இன்னும் வேகமாக ஏறும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தெரிந்த அண்ணன் ஒருவர் இதே நிலையில் தன் கொம்பியூட்டரைப் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வைரஸ் என்றார்கள், விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள், பிறகும் நிற்கவில்லை என்றதும் மதர்போர்ட் மாற்ற வேண்டும் என்றார்கள். டாஸ்க் மனேஜரைத் திறந்து எந்தப் புரோகிராம் ப்ரொசெசரை எடுக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. காசும் போய், இரண்டு கிழமையும் போய், கடைசியில் அவர் வீட்டில் இருந்து பார்த்தால் மேலே எஃப்எஃப்எம்பெக் நிற்கிறது, ஜெலிஃபினின் ஷெட்யூல்ட் டாஸ்க்ஸ் பக்கத்தில் ட்ரிக்பிளே வேலை சதவீதக் கணக்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். மெஷினைத் திறக்க முதல் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

ஆகவே முதலில் டாஸ்க் மனேஜர். மேலே நிற்பது எஃப்எஃப்எம்பெக் என்றால் ஜெலிஃபின்தான், ட்ரிக்பிளே அல்லது அத்தியாயப் படம் எடுக்கிற வேலை, இல்லாவிட்டால் எவரோ பார்க்கிற வீடியோவை டிரான்ஸ்கோட் செய்கிறது. மேலே நிற்பது கொம் சரகேட் என்றால் ஜெலிஃபினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். வீடியோ நிறைந்த ஃபோல்டரைப் பெரிய ஐகனில் திறந்து வைத்தால் அதுவும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சின்னப் படம் எடுக்கத் தொடங்கும். ஃபோல்டர் ஒப்ஷனில் வியூ பக்கத்தில் தம்ப்நெயில் காட்டாதே, ஐகன் மட்டும் காட்டு என்ற தெரிவைப் போட்டால் அது அடங்கிவிடும்.

ட்ரிக்பிளே என்று உறுதியானால் டாஷ்போர்டில் பிளேபேக் பகுதிக்குள் ட்ரிக்பிளே பக்கம். அங்கே நிறையப் பெட்டிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் தொட வேண்டாம். உண்மையில் சுமையைக் குறைக்கிறது, கீஃப்ரேமில் இருந்து மட்டும் படம் எடு என்ற தெரிவு. அதைப் போட்டதும் எஃப்எஃப்எம்பெக் மற்ற ஃப்ரேம்களை விரிக்காமலே தாண்டிப் போகும். கமெராவில் இருந்து நேரே வந்த ஃபைலில் கீஃப்ரேம் பெரும்பாலும் விநாடிக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும், அப்படியானால் 7,20,000 ஃப்ரேமுக்குப் பதிலாக விரிக்க வேண்டியது 60,000க்கும் குறைவு. எக்ஸ்264 என்ற என்கோடரில் மறுபடி என்கோட் செய்த ஃபைல் என்றால் இன்னும் குறைவு, வழக்கமான அமைப்பில் கீஃப்ரேம்களுக்கு இடையில் 250 ஃப்ரேம் வரை, அதாவது 25 ஃப்ரேம் வீடியோவில் 10 விநாடி வரை போகலாம். நேரம் சில விநாடி முன்பின்னாக விழும். சினிமாவில் ஒரு வெட்டைப் பிடிக்கிறவருக்கு அது குறை, கூத்தில் ஒரு வரவே பல நிமிடம் ஆடும், ஒரு குறையும் தெரியாது.

படங்களுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டினால் ப்ரொசெசர் ஆறும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு உதவாது. 10 விநாடியை 30 ஆக்கினாலும், கீஃப்ரேம் தெரிவு இல்லாவிட்டால் அதே 7,20,000 ஃப்ரேமையும் விரிக்கத்தான் வேண்டும், மிச்சமாவது படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்குகிற வேலை மட்டும். ஆனால் நீண்ட வீடியோவுக்கு 30 விநாடி வைக்க வேறு காரணம் இருக்கிறது. சீக் பார் 1,000 பிக்சல் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மணி நேரத்தை அதில் பரப்பினால் ஒரு பிக்சலுக்கு 29 விநாடி அளவில் வரும். 10 விநாடிக்கு ஒன்று எடுத்து வைத்த படங்களில் மூன்றில் இரண்டை மௌஸால் தொடவே முடியாது. நான் 30,000 மில்லிசெக்கன்ட் வைத்திருக்கிறேன், 960 படத்தில் முழு இரவும் அடங்குகிறது. ஏற்கனவே எடுத்த படங்கள் தானாக மாறாது, மெட்டாடேட்டாவைப் புதுப்பிக்கும்போது பழைய ட்ரிக்பிளே படங்களை மாற்று என்று சொல்ல வேண்டும்.

புரொசெஸ் பிரயோரிட்டியை ஐடிலில் வையுங்கள், மற்றவர்கள் வீடியோ பார்க்கும்போது தடங்காது. த்ரெட் எண்ணிக்கையை 1 இல் வையுங்கள். 0 போட்டால் நிற்கும் என்று நினைத்து ஒருவர் போட்டிருந்தார், எஃப்எஃப்எம்பெக்கில் 0 என்றால் எத்தனை த்ரெட் வேண்டுமோ நீயே முடிவெடு என்று அர்த்தம், அது இருக்கிற கோரை எல்லாம் பிடித்துக்கொள்ளும். இந்த வேலை தொடக்கத்தில் அதிகாலை 3 மணிக்கு வைக்கப்பட்டிருக்கும். இரவில் மெஷினை நிறுத்துகிற வீடு என்றால் அந்த நேரத்தை மாற்றுங்கள், நான் வெயில் ஏற முதல் காலையில் ஓடுகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஹார்ட்வெயார் டிகோடிங், அதாவது ஃப்ரேம் விரிக்கிற வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பது. டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் இன்டெல் சிப்பின் அந்த வசதியான குயிக் சிங்கைத் தெரிவுசெய்து, ட்ரிக்பிளே பக்கத்திலும் அதற்கான பெட்டியில் சரி போட வேண்டும், இரண்டும் வேண்டும். ஆனால் எந்தச் சிப் எதை விரிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். என்னுடையது போன்ற ஆறாம் தலைமுறை இன்டெல் எச்.264, 8 பிட் எச்இவிசி என்ற இரண்டு வீடியோ சுருக்க வடிவங்களையும் விரிக்கும். 10 பிட் எச்இவிசி ஏழாம் தலைமுறையில் இருந்துதான் ஒழுங்காக வந்தது. புது ஐபோனில் எச்டிஆர் போட்டு எடுத்துக்கொண்டு வருகிற வீடியோ 10 பிட், அது வந்தால் இந்தச் சிப் கையை விரித்துவிடும். கல்யாண வீடியோ எடுக்கிற பெடியள் நல்ல கமெராவில் எச்.264 4:2:2 10 பிட்டில் எடுத்துத் தருவார்கள், படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் அதை இன்டெலின் பெரும்பாலான சிப்கள் ஹார்ட்வெயாரில் விரிக்காது. அப்படியான மூல ஃபைலைப் பத்திரமாக வேறு டிஸ்க்கில் வைத்துவிட்டு, பார்ப்பதற்குச் சாதாரண 8 பிட் எச்.264 பிரதி ஒன்றை ஜெலிஃபினில் போடுவதுதான் சரியான வழி. கீஃப்ரேம் முறைக்கு ஹார்ட்வெயார் ஒத்துவராவிட்டால் ஜெலிஃபின் தானே ப்ரொசெசருக்கு மாறிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விரிக்கிற ஃப்ரேம் குறைவென்பதால் சீக்கிரம் முடியும்.

பழைய ஹேண்டிகேமில் இருந்து வந்த எம்டிஎஸ் ஃபைல்கள் தனிக் கதை. அவற்றில் எந்த நேரம் ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இல்லை, ஒவ்வொரு தாவலுக்கும் பிளேயர் தேடிப் போகிறது. எம்கேவிடூல்நிக்ஸில் போட்டு எம்கேவியாக மாற்றினால் என்கோட் செய்யத் தேவையில்லை, தரமும் குறையாது, தாவலும் சட்டென்று நடக்கும். பழைய கூத்துப் பதிவு வைத்திருக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு லப்டொப், பார்க்கிறதும் நீங்கள் மட்டும் என்றால் ஜெலிஃபின் தேவையில்லை. எம்பிவி பிளேயரும் தம்ப்ஃபாஸ்ட் என்ற ஸ்கிரிப்டும் போதும். அது முன்கூட்டி எதையும் எடுத்து வைக்காது, மௌஸ் போகிற இடத்தை அந்த நேரத்தில் இன்னொரு எம்பிவியைப் பின்னால் திறந்து காட்டும். ஆகவே ஒரு வீடியோவுக்கு இரண்டு பிளேயர் ஓடும். அதன் அமைப்பு ஃபைலில் ஹார்ட்வெயார் டிகோடிங் நிறுத்தியே வரும், அதைப் போட்டுவிடுங்கள். பின்னால் ஓடுகிறது சும்மா இருக்கும்போது தானாக மூடுவதற்கும் ஒரு தெரிவு உண்டு, தொடக்கத்தில் 0, அதாவது மூடாது, கொஞ்ச விநாடி கொடுங்கள். 4கே வீடியோவில் சீக் பாரை வேகமாகத் தேய்த்தால் எந்தப் பழைய லப்டொப்பும் திணறத்தான் செய்யும்.

ஜெலிஃபினில் எனக்குக் குறை என்றால் இந்த ட்ரிக்பிளே அமைப்பு சேவர் முழுவதற்கும் ஒன்றே என்பதுதான். லைப்ரரி வாரியாக ட்ரிக்பிளேயைப் போடவோ நிறுத்தவோ மட்டும் முடிகிறது. கூத்துக்கு 30 விநாடி, சினிமாவுக்கு 10 விநாடி, பிள்ளைகளின் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு 5 விநாடி என்று பிரித்து வைக்க வழியில்லை. அதற்குத் தெரிவு ஒன்று வரும்வரை, சினிமா லைப்ரரியில் ட்ரிக்பிளேயை நிறுத்திவிட்டுக் கூத்துக்கு மட்டும் ஓடவிட்டிருக்கிறேன்.