தொடர்மக் கருதுகோள்: அல்டிமேட்-எல்லா, மார்ட்டின்ஸ் மேக்ஸிமமா?

இயல் எண்களின் அளவு அலெஃப்-0, முடிவிலிகளில் மிகச் சிறியது. மெய்யெண்களின் அளவு அதற்கடுத்த முடிவிலியான அலெஃப்-1தான் என்று 1878இல் கேன்டர் முன்வைத்தார். இதுவே தொடர்மக் கருதுகோள். கணிதத்தின் வழக்கமான அடித்தளமான இசட்எஃப்சி அடிகோள்கள் முரணற்றவை என்றால், அவற்றைக் கொண்டு இதை மறுக்க முடியாது (கோடெல், 1938). நிறுவவும் முடியாது (கோயன், 1963). எனவே புதிய அடிகோள் வேண்டும். போட்டி அங்கேதான்: ஒருபுறம் அல்டிமேட்-எல், மறுபுறம் மார்ட்டின்ஸ் மேக்ஸிமம்.

கோடெல் கட்டிய எல் என்னும் உலகில், வரையறுக்க முடிந்த கணங்களை மட்டுமே படிப்படியாகச் சேர்ப்பார்கள். அங்கே கருதுகோள் உண்மை. ஆனால் அளக்கத்தக்க கார்டினல் என்னும் மிகப் பெரிய முடிவிலிக்கு எல்-இல் இடமில்லை என்று 1961இல் டானா ஸ்காட் நிறுவியதும் அதன் மவுசு குறைந்தது. இப்படிப்பட்ட பெரிய கார்டினல்களையும் உள்ளடக்கும் எல் வேண்டும் என்பதே கணக் கோட்பாட்டாளர் வுடினின் அல்டிமேட்-எல் திட்டம். இங்கும் கருதுகோள் உண்மை. (இதே வுடின் 2001 வாக்கில் எதிர்த்தரப்பில் வாதாடியவர்!) அடிகோளை எழுதியாகிவிட்டது, அதைத் தாங்க வேண்டிய அனுமானம்தான் இன்னும் நிறுவப்படவில்லை. போதாக்குறைக்கு, அகிலேரா, பகாரியா, லூக்கே மூவரும் 2024இல் அறிமுகப்படுத்திய ‘எக்ஸாக்டிங்’ என்னும் பெரிய கார்டினல், எக்ஸ்டெண்டிபிள் என்னும் இன்னொரு பெரிய கார்டினலுக்கு மேலே முரணின்றி இருக்க முடியுமானால் அந்த அனுமானம் விழுந்துவிடும்.

மார்ட்டின்ஸ் மேக்ஸிமம் என்னும் அடிகோள் (ஃபோர்மன், மகிடோர், ஷெலா, 1988) நேரெதிர்: இங்கே கருதுகோள் பொய். ஃபோர்சிங் என்பது கணப் பிரபஞ்சத்தில் புதிய கணங்களைச் சேர்க்கும் முறை. அலெஃப்-1இன் நிலைக்கணங்களை (எளிதில் தவிர்க்க முடியாத ‘பெரிய’ உட்கணங்களை) குலைக்காத எந்த ஃபோர்சிங்கை எடுத்தாலும், அதன் நிபந்தனைகளில் அலெஃப்-1 எண்ணிக்கையிலானவற்றை ஒருசேர நிறைவேற்றும் வடிகட்டி (ஒன்றோடொன்று முரண்படாத தகவல்களின் தொகுப்பு) ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. மெய்யெண்கள் அலெஃப்-1 மட்டுமே என்று வைத்துப் பாருங்கள். புதிய மெய்யெண் ஒன்றைச் சேர்க்கும் ஃபோர்சிங்கில், பட்டியலிலுள்ள ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் ‘புதியது இதிலிருந்து வேறுபட வேண்டும்’ என ஒரு நிபந்தனை போடுங்கள். எல்லாவற்றையும் நிறைவேற்றும் மெய்யெண் பட்டியலில் இருக்க முடியாது: முரண். ஆக, குறைந்தது அலெஃப்-2. அதற்கு மேல் போகாது என்பதற்குக் கடினமான தனி வாதம் உண்டு.

பயனில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கால்கின் இயற்கணிதத்துக்கு (ஹில்பர்ட் வெளியின் ஆபரேட்டர்களில் ‘சிறியவற்றை’ப் புறக்கணித்தால் கிடைப்பது) வெளித் தன்னுருவாக்கம் (அமைப்பைக் காக்கும், ஆனால் அதன் சொந்த உறுப்பால் உருவாகாத மாற்றம்) உண்டு என்று கருதுகோளை வைத்து நிறுவினார்கள் (பிலிப்ஸ், வீவர், 2007). மேக்ஸிமத்தின் கீழ் எல்லாத் தன்னுருவாக்கங்களும் அகத்தவை, அதாவது சொந்த உறுப்புகளால் உருவாகுபவை; இது ஃபரா 2011இல் வெளியிட்ட முடிவிலிருந்து வருகிறது. எதிர்க்காட்டு தேடுபவருக்குக் கருதுகோள் கைகொடுக்கும். ஒழுங்கு தேடுபவருக்கு மேக்ஸிமம்.

இரண்டுமே வேண்டாம், பல கணப் பிரபஞ்சங்கள் உண்டு என்பது கணக் கோட்பாட்டாளர் ஹாம்கின்ஸின் நிலைப்பாடு. அது கேள்வியைக் கலைக்கிறது, தீர்ப்பதில்லை.

என் சாய்வு மேக்ஸிமத்தின் பக்கம். தனித்தனியாக வளர்ந்த மேக்ஸிமம்++ (மேக்ஸிமத்தின் வலுவான வடிவம்), வுடினின் நட்சத்திர அடிகோள் (இதன்படியும் மெய்யெண்கள் அலெஃப்-2) இரண்டில் முன்னதிலிருந்து பின்னது வருகிறது என்று 2021இல் அஸ்பெரோவும் ஷிண்ட்லரும் நிறுவியது அதற்கு வலு. ஆனாலும் அதன் பிடி அலெஃப்-2ஐத் தாண்டினால் தளர்கிறது: அலெஃப்-2இன் உட்கணங்கள் எத்தனை என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.