பில் கட்டா, 44ஏடியா? வீட்டுத் தொழிலுக்கு எந்த வரிக் கணக்கு தோது

வீட்டில் தொக்கும் பொடியும் செய்து விற்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் ஒவ்வொரு செலவுக்கும் பில் சேர்த்து, கழித்து, மிச்சத்தை லாபமாகக் காட்டினேன். அடுத்த வருடமே வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவுக்கு, அதாவது விற்பனையில் குறிப்பிட்ட பங்கை லாபமாக எடுத்துக்கொள்ளும் உத்தேச வருமானக் கணக்குக்கு மாறிவிட்டேன். இன்னும் அதில்தான் இருக்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. (2026 ஏப்ரலில் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. வாயில் பழகிய எண்ணையே சொல்கிறேன்.)

44ஏடி எளிது. வருட விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் போதும். வங்கி, யுபிஐ வழியாக வந்த தொகையில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், குறைந்தது இவ்வளவு லாபம் என்று காட்ட வேண்டும். 14 லட்சம் விற்று, அதில் 12.5 லட்சம் ஜிபேயில் வந்திருந்தால் 75,000, மீதி ஒன்றரை லட்சம் ரொக்கத்துக்கு 12,000, ஆக 87,000 ரூபாய். அதற்குமேல் தனியாக எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மிக்ஸி தேய்மானம்கூட அதற்குள் அடக்கம்.

வீட்டிலிருந்தே வக்கீல், கட்டட வரைபடம், சாஃப்ட்வேர் ஆலோசனை என்று செய்பவர்களுக்கு 44ஏடிஏ. அங்கே வரவில் குறைந்தது 50 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். கமிஷன் வருமானக்காரர்களுக்கு, இன்சூரன்ஸ் ஏஜென்ட் போல, 44ஏடி கிடையாது.

புதிய வரி முறையில் எந்தக் கழிவும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். போனது 80சி (சேமிப்பு, இன்சூரன்ஸுக்கான கழிவு) மாதிரியானவைதான். பில் வழியில் போனால் தொழிலுக்கு ஆன செலவைப் பழைய, புதிய எந்த வரி முறையிலும் கழிக்கலாம். ஆனால் கழித்து என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. தொழில் வருமானம் மட்டும் உள்ளவருக்கு மொத்தம் 12 லட்சம் வரை தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடுகிறது. என் லாபம் 3 லட்சத்தைச் சுற்றித்தான். பில் சேர்த்தாலும் பூஜ்யம், சேர்க்காவிட்டாலும் பூஜ்யம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கணக்கு எழுதுகிற பாட்டில்தான். 44ஏடி இல்லாத வழியில் வருமானம் 2.5 லட்சத்தையோ விற்பனை 25 லட்சத்தையோ தாண்டினால் கணக்குப் புத்தகம் வைத்தே ஆக வேண்டும். கடை வைத்திருப்பவருக்கு அது பெரிய வேலை இல்லை. வீட்டில் தொழில் செய்பவருக்கு அதுதான் தலைவலி, ஏனென்றால் எல்லாமே கலந்து கிடக்கிறது. பத்து கிலோ மல்லி வாங்கினால் எட்டு கிலோ விற்பனைப் பொடிக்கு, இரண்டு கிலோ வீட்டுச் சாம்பாருக்கு. பில்லில் பத்து கிலோ என்றுதான் இருக்கும். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதுவும் மாமனார் பெயரில். அதில் கிரைண்டர் தின்றது எவ்வளவு, ஃப்ரிட்ஜ் தின்றது எவ்வளவு? தொழிலுக்கான பங்கைக் கழிக்கச் சட்டம் விடுகிறது. அந்தப் பங்கு நியாயமானது என்று காட்ட வேண்டியது நாம். முதல் வருடம் ஒரு நோட்டில் கிரைண்டர் ஓடிய நேரத்தை எழுதி வைத்தேன். ஆடி மாதம் தாண்டவில்லை. சந்தையில் பூண்டு விற்கும் அம்மாவிடம் பில் கேட்டால் சிரிக்கிறார். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்கவே முடியாது. சொந்த வீடு என்பதால் வாடகைக் கழிவும் இல்லை. இவ்வளவு பாடுபட்டுக் கழித்த கரன்ட் பங்கு அந்த வருடம் நான்காயிரத்துச் சொச்சம். ஆடிட்டர் ஃபீஸ் அதைவிட அதிகம்.

இப்போது பாங்க் ஸ்டேட்மென்ட், ரொக்கத்துக்கு ஒரு டைரி, அவ்வளவுதான். 44ஏடிக்காரர்கள் போடும் ரிட்டர்ன் படிவமான ஐடிஆர் 4-இல் ஆண்டுக் கடைசிச் சரக்கு, கைரொக்கம், வர வேண்டிய, தர வேண்டிய பாக்கி கேட்பார்கள். மார்ச் 31 அன்று டப்பாக்களை எண்ணி எழுதிவிடுவேன். வரி வந்தாலும் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) நான்கு தவணை இல்லை, மார்ச் 15-க்குள் ஒரே தடவை.

6 சதவீதம் என்பது கீழ்வரம்பு. கையில் நிஜமாக நிற்பதையே நான் காட்டுகிறேன், 87,000-ஐ அல்ல. அதற்கு ஒரு சுயநலக் காரணமும் உண்டு: பேக்கிங் மெஷினுக்கு லோன் கேட்டபோது வங்கி பார்த்தது ரிட்டர்னில் உள்ள லாபத்தைத்தான்.

பில் வழி ஜெயிக்கும் இடமும் உண்டு. என் நாத்தனார் கடன் வாங்கி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டாள். 15 சதவீதத் தேய்மானம், கடன் வட்டி எல்லாம் கழித்தால் நஷ்டம். நேரத்துக்கு ரிட்டர்ன் போட்டால் அந்த நஷ்டத்தை 8 வருடம் வரை முன்னெடுத்துப் போகலாம். 44ஏடியில் அது நடக்காது. எனக்கு நஷ்ட வருடம் வந்ததில்லை, வரித்துறை நோட்டீஸும் வந்ததில்லை. அதனால் அந்தப் பக்கத்தை அவள் சொன்ன அளவில்தான் எழுதுகிறேன்.

மாறுவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். 44ஏடியில் நுழைந்த பிறகு அடுத்த ஐந்து வருடத்துக்குள் வெளியே வந்தால், அதற்கடுத்த ஐந்து வருடம் திரும்ப உள்ளே போக முடியாது. அந்த வருடங்களில் வருமானம் வரியே இல்லாத அடிப்படை வரம்பைத் (புதிய முறையில் மேலே சொன்ன 4 லட்சம்) தாண்டினால் ஆடிட்டும் செய்தாக வேண்டும். பெரிய மெஷின் வாங்கும் எண்ணம் இரண்டு வருடத்துக்குள் இருந்தால், முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.