இழையை அழிப்பதா, பெயரை மட்டும் அகற்றுவதா?

தையல் இயந்திரங்களைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்பவர்கள் கூடும் ஓர் இணைய உரையாடல் களத்தில் நான் மட்டுறுத்துநர்களில் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்களில்) ஒருவனாக இருக்கிறேன். தாம் தொடங்கிய இழையை, அதாவது ஒரு கேள்வியும் அதன்கீழ் தொடரும் உரையாடலும் கொண்ட பக்கத்தை, பிறர் அதில் எழுதிய மறுமொழிகளோடு சேர்த்து, உறுப்பினர் ஒருவர் தாமே நீக்கிக்கொள்ளலாமா என்ற கேள்வியில் நாங்கள் முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தது. தொடங்கியவருக்கே முழு உரிமையும் கொடுப்பது, யாருக்கும் கொடுக்காமல் இருப்பது, இழையை அப்படியே வைத்துக்கொண்டு எழுதியவரின் அடையாளத்தை மட்டும் எடுத்துவிடுவது என மூன்று வழிகள் இருந்தன. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம், இப்போதும் அதுவே சரியென்று கருதுகிறேன்.

முழு உரிமை கொடுப்பதற்கான நியாயம் அனைவரும் அறிந்ததே. எழுதியது அவர், வருந்துபவரும் அவர், ஆகவே அழிக்கும் உரிமையும் அவருக்கே என்பது எளிய வாதம். சட்டமும் பெருமளவு அந்தப் பக்கமே சாய்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தன் 17ஆம் பிரிவில் தனிமனிதத் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை வழங்குகிறது. ஆனால் அதே பிரிவு, கருத்துச் சுதந்திரத்துக்கும் தகவல் பெறும் உரிமைக்கும் விலக்கும் அளிக்கிறது. இரண்டாவது வழியான 'எதையும் எவரும் அழிக்க முடியாது' என்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதற்றத்தில் தொலைபேசி எண்ணை எழுதிவிட்ட ஒருவரிடம் அந்த விதியை எடுத்துக்காட்டி மறுப்பது எந்த மட்டுறுத்துநருக்கும் மனம் ஒப்பாத காரியம்.

எனவே உண்மையான போட்டி முதல் வழிக்கும் மூன்றாவதற்கும்தான். அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம் என்பது என் கருத்து: இழையில் உள்ள மறுமொழிகள் யாருடைய உழைப்பு?

எங்கள் களத்தில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். தைக்கும்போது துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொத்தாகச் சுருண்டு சிக்கிக்கொள்கிறது. கேட்பவர் பெரும்பாலும் கீழ்நூல் சுற்றிய உருளையான பாபினைத்தான் சந்தேகிப்பார், ஏனெனில் சிக்கல் கீழே தெரிகிறது. பதில் சொல்பவரோ, பாபினைக் கழற்றுவதற்கு முன்னால் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல்நூலை மறுபடி கோர்க்கச் சொல்வார். ஃபுட் இறங்கியிருக்கும்போது மேல்நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருப்பதால், அப்போது கோர்த்த நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராமல் வெளியே நின்றுவிடும், பிறகு அது தளர்ந்து கீழே கொத்தாகும். இந்த விளக்கத்தை எழுத ஒருவர் தன் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, படம் எடுத்து, அம்புக்குறி போட்டு, அரைமணி நேரம் செலவிட்டிருப்பார். கேட்டவர் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதி, மறுநாள் இழையை அழித்துவிட்டால் அந்த அரைமணி நேரமும் சேர்ந்தே அழிகிறது. அதைவிட, அடுத்த வாரம் அதே கேள்வியோடு இன்னொருவர் வருவார். இரண்டாம், மூன்றாம் முறை அதே பொறுமையோடு விளக்குபவர்கள் சிலரே. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் சலித்து விலகிப்போவதுதான் களத்தைப் பராமரிப்பதில் மிகப்பெரிய இழப்பு. சர்வர் செலவும் விளம்பரக் குப்பையும் அதற்குப் பிறகே வரும்.

கேள்வியை மட்டும் நீக்கிவிட்டு மறுமொழிகளை வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ரெட்டிட் என்ற உரையாடல் தளத்தில் ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது: பதிவை நீக்கினால் எழுதியவர் பெயரும் உள்ளடக்கமும் போய்விடும், கீழேயுள்ள மறுமொழிகள் நிற்கும். 2023இல் அத்தளம் தன் ஏபிஐ (பிற செயலிகள் அதன் தரவைப் பெறும் இணைப்பு) கட்டணத்தை அறிவித்தபோது, எதிர்ப்பாகப் பலர் தங்கள் பழைய எழுத்தையெல்லாம் அழித்தார்கள், சிலர் பொருளற்ற சொற்களை அதன்மேல் எழுதினார்கள். அவர்களுடைய கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் தேடுபொறி வழியாக அங்கே போய்ச் சேர்பவர் காண்பது, 'நீங்கள் சொன்ன இரண்டாவது வழி வேலை செய்தது' என்ற நன்றிக் குறிப்பும், அந்த இரண்டாவது வழி இருந்த இடத்தில் ஒரு வெற்றிடமும்தான். எந்த மாடல், எந்த நூல், என்ன சத்தம் என்ற விவரங்கள் போய்விட்டால் பதிலில் பாதி போய்விட்டது என்றே பொருள்.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதில் உறுதியாக நிற்கிறது. ஒரு கேள்விக்கு வந்த பதில் ஆதரவு வாக்கு பெற்றுவிட்டால், கேட்டவரால் அந்தக் கேள்வியை நீக்க முடியாது. அங்கே எழுதப்படுபவை எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பகிர அனுமதிக்கும், திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வருகின்றன. 2024 மே மாதத்தில் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐயுடனான ஒப்பந்தத்தை எதிர்த்துச் சிலர் தங்கள் பதில்களை அழிக்கவும் மாற்றவும் முனைந்தபோது, தளம் அவற்றை மீட்டு, அவர்களுடைய கணக்குகளைச் சில நாள் முடக்கியது. விதியின் நோக்கம் எனக்கு உடன்பாடானது, கணக்கை முடக்கியது உடன்பாடில்லை. வெளியேற விரும்புபவருக்குக் கண்ணியமான ஒரு வாசல் இருக்க வேண்டும்.

அந்த வாசலாகத்தான் மூன்றாவது வழியைப் பார்க்கிறேன். விக்கிப்பீடியாவில் விலகிப்போகும் பயனர் தன் கணக்கின் பெயரை மாற்றக் கேட்கலாம், அவருடைய பங்களிப்புகள் அப்படியே இருக்கும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்கை நீக்கியவரின் குறிப்புகள் 'கோஸ்ட்' என்ற பொதுப் பெயருக்கு மாறிவிடுகின்றன. சிறுவர்கள் தாங்கள் இட்டதை நீக்கக் கோரும் உரிமையை 2015 முதல் வழங்கும் கலிஃபோர்னியச் சட்டமும், அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிட்டால் அழிக்க வேண்டியதில்லை என்று ஏற்றுக்கொள்கிறது. எங்கள் விதியில் இத்துடன் இரண்டைச் சேர்த்தோம். முதல் மறுமொழி வரும்வரை எழுதியவர் எதையும் நீக்கலாம். அதன் பிறகு, தன்னைக் காட்டிக்கொடுக்கும் எந்தப் பகுதியையும் மறைக்கச் சொல்லலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய ரசீதின் படம், பின்னணியில் தெரியும் குழந்தையின் முகம் போன்றவற்றைக் கேட்ட அன்றே எடுத்துவிடுகிறோம்.

இந்த வழிக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெயரை எடுப்பதால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. 2006இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஏறக்குறைய 6,50,000 பயனர்களின் தேடல் பதிவுகளைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே செய்தியாளர்கள் சில நாட்களில் ஒரு பெண்மணியை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒருவரின் நூறு பதிவுகள் ஒரே புனைபெயரில் நின்றாலும் இதே ஆபத்து உண்டு. அதனால் விலகுபவரின் பதிவுகளை ஒரே புதுப் பெயரில் தொகுத்து வைக்காமல், இழைக்கு ஒரு பெயராகப் பிரித்துவிடுகிறோம். பிறர் தம் மறுமொழிக்குள் 'அண்ணா', 'அக்கா' என்று பெயர் சேர்த்து விளித்திருக்கும் இடங்களைக் கையால்தான் தேடித் திருத்த வேண்டியிருக்கிறது. இது சலிப்பூட்டும் வேலை, ஆள்பலம் இல்லாத களங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நான் பேசுவதெல்லாம் நூலும் பாபினும் சார்ந்த அனுபவத்திலிருந்து வருவது. நோய், குடும்ப வன்முறை, கடன் போன்றவற்றைப் பற்றிப் பேசும் களங்களில் கேள்வியே ஒருவருடைய வாழ்க்கையாக இருக்கிறது. பெயரை எடுத்தாலும் நிகழ்ச்சிகளின் வரிசையே ஆளைக் காட்டிவிடும், அதைப் படிக்கக் கூடாதவர் படித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகைய களத்தை நடத்துபவர்கள் முதல் வழியைத் தேர்ந்து, மறுமொழிகளின் இழப்பைத் தாங்கிக்கொள்வதாகச் சொன்னால், அதை மறுக்க என்னிடம் காரணம் ஏதுமில்லை. எந்த வழியானாலும், முதல் பதிவை எழுதும் பெட்டிக்கு மேலேயே விதியை இரண்டு வரியில் காட்டிவிடுவது நல்லது. பதினைந்து பக்க நிபந்தனைகளுக்குள் புதைத்து வைத்த விதியை, அழிக்கச் சொல்லி ஒருவர் மன்றாடும் நேரத்தில் எடுத்து நீட்டுவது முறையாகாது.